கிழவனாக வந்த குமரன்: அப்பாவோடு கதிர்காமத்துக்கு ஒரு நடை

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தாங்க. "அண்ணா, எங்க அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயசு. முட்டி வலி வேற. இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துதான் போவேன்னு அடம் பிடிக்கிறார். எப்படி நிறுத்துறது?"

"கார் வெச்சு கூட்டிட்டுப் போங்க"ன்னு டைப் பண்ணினேன். அனுப்பாமலே அழிச்சுட்டேன். ஏன்னா இதே பதிலை எங்க அப்பாகிட்ட சொன்னவன் நான். அது எவ்வளவு அரைகுறையான பதில்னு ஒரு காட்டுக்குள்ள நின்னுதான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்றேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

எங்க வீடு கூடுவாஞ்சேரி. அப்பா மறைமலை நகர்ல ஒரு தொழிற்சாலையில முப்பத்தோரு வருஷம் ஃபிட்டரா இருந்தவர். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கண்ணெல்லாம் சிவந்து வந்தாலும், செவ்வாய்க்கிழமைன்னா குளிச்சு, சஷ்டி கவசம் சொல்லாம படுக்க மாட்டார். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழிச்சு, ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சாதாரணமா சொன்னார்: "வர்ற ஆடிக்குக் கதிர்காமத்துக்கு நடக்கணும்டா."

நான் சிரிச்சுட்டேன். "அப்பா, கொழும்புக்கு ஃபிளைட்ல ஒன்றரை மணி நேரம். அங்கேருந்து ஏசி வண்டி போட்டுத் தர்றேன். ரெண்டே நாள்ல தரிசனம் முடிச்சுட்டு வந்துடலாம்."

அவர் தட்டைப் பார்த்துக்கிட்டே திரும்பவும் சொன்னார்: "நடக்கணும்."

அவருக்கு சுகர் இருக்கு. வலது முட்டி தேய்ஞ்சு போச்சு. வயசு அறுபத்து நாலு. நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். வீட்ல ரெண்டு வாரம் சண்டை.

அந்தப் பாதை எப்படிப்பட்டது?

கதிர்காமம் இலங்கையோட தென்கிழக்கு மூலையில, மாணிக்க கங்கைக் கரையில இருக்கு. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடின தலம். அங்கே போற பாதயாத்திரை யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச் சந்நிதி முருகன் கோயில்ல தொடங்கும். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில்னு கிழக்குக் கரையை ஒட்டியே இறங்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. முழுசா நடக்கிறவங்களுக்கு ஒன்றரை மாசம் ஆகும். கடைசியில உகந்தை முருகன் கோயில். அதைத் தாண்டினா ஊரே கிடையாது. கூமுனைக் காடு, யால காடு. யானையும் கரடியும் சிறுத்தையும் இருக்கிற காடு. திருவிழாவை ஒட்டி சில நாள் மட்டும்தான் அந்த வழியை அடியார்களுக்குத் திறந்து விடுவாங்க.

இந்த நடையை நிறுத்த எத்தனையோ வந்து பார்த்தது. ஆங்கிலேயர் காலத்துல காலரா பரவுதுன்னு யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில உதவி அரசாங்க அதிபரா இருந்தவர் லெனார்ட் வுல்ஃப், பின்னாடி பெரிய எழுத்தாளரா ஆனவர். கதிர்காமத் திருவிழாவுக்கு வர்ற கூட்டத்தை மேற்பார்வை பார்க்கிறது அவர் வேலைகள்ல ஒண்ணு. அதே காலத்துல, 1910-ல, நல்லூர் யோகர் சுவாமிகள் இதே கதிர்காமத்துக்கு நடந்து போனார். அப்புறம் 1983 கலவரம். யுத்தம். யாழ்ப்பாணத்துல இருந்து நடக்கிறதே நின்னு போச்சு. 1988-ல பாட்ரிக் ஹாரிகன்னு ஒரு அமெரிக்க அடியாரும் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில பேரும் பாதயாத்திரையை மறுபடி தொடங்கி வெச்சாங்க. இன்னைக்கு ஆயிரக்கணக்குல நடக்கிறாங்க. அதுல வயசானவங்க, குறிப்பா அம்மாக்கள், ரொம்ப அதிகம்.

கடைசியில நான்தான் இறங்கி வந்தேன். முழுப் பாதையும் வேண்டாம், உகந்தையிலிருந்து காட்டு வழி மட்டும், நானும் கூட வருவேன், டாக்டர் சரின்னு சொன்னா மட்டும். அப்பா மூணுக்கும் தலையாட்டினார். டாக்டர், "நடக்கலாம், ஆனா மெதுவா. முட்டி வீங்கினா உடனே நிறுத்தணும்"னு சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அப்பா காதுல விழவே இல்லைன்னு எனக்குப் பிறகுதான் புரிஞ்சது.

திருப்போரூர் வரைக்கும் ஒரு ஒத்திகை

ஆறு மாசம் பழகினோம். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில கிளம்பி நெல்லிக்குப்பம் ரோட்டுல நடப்போம். முதல் வாரம் காயரம்பேடு வரைக்கும்தான். அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ஒரு கிருத்திகை அன்னைக்குத் திருப்போரூர் கந்தசாமி கோயில் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கோயிலே ஒரு நடையால வந்த கோயில்தானே. மதுரையில இருந்த சிதம்பர சுவாமிகளை மீனாட்சியம்மை வடக்கே போகச் சொல்ல, அவர் கிளம்பி வந்து, பனங்காட்டுக்குள்ள மறைஞ்சு கிடந்த கந்தசாமியைக் கண்டெடுத்துக் கோயில் கட்டினார்னு தல வரலாறு சொல்லுது.

அந்த ஆறு மாசத்துல அப்பா என்கிட்ட பேசினது, அதுக்கு முன்னால பத்து வருஷத்துல பேசினதை விட அதிகம். ஆனா ஏன் கதிர்காமம், ஏன் நடந்தே போகணும்னு கேட்டா மட்டும், "ஒரு கடன் இருக்குடா"ன்னு நிறுத்திடுவார்.

காட்டுக்குள்ள மூணாவது நாள்

பொத்துவில், பாணமை வழியா உகந்தை போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்த பாறைக்குன்று, அடிவாரத்துல கோயில். முருகன் கல்லோடத்துல வந்து கரையேறின இடம்னு அங்கே நம்பிக்கை. பேரைப் பதிவு பண்ணிட்டு, வேலை முன்னால விட்டு, கூட்டத்தோட காட்டுக்குள்ள நுழைஞ்சோம்.

எங்க கூட்டத்துல மட்டக்களப்புப் பக்கத்துலேருந்து ஒரு பாட்டி வந்தாங்க. எழுபது தாண்டியிருக்கும். வெறுங்கால். தலையில ஒரு மூட்டை. நான் கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கிட்டு எத்தனை ஸ்டெப்னு அரை மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். பாட்டி ஒரு தரம் எட்டிப் பார்த்துட்டு, "அதில முருகன்ட வீடு எவ்வளவு தூரமெண்டு காட்டுமோ மனே?"ன்னு கேட்டாங்க. கழட்டிப் பையில போட்டுட்டேன்.

முதல் நாள் நல்லா போச்சு. ரெண்டாவது நாள் கும்புக்கன் ஆத்துல இறங்கிக் குளிச்சோம். மூணாவது நாள்தான் சோதனை. நிழலே இல்லாத வெளி. செம்மண் புழுதி. வாய்க்குள்ள எச்சில் வத்திப் போற வெயில். பதினோரு மணி இருக்கும், அப்பா நின்னுட்டார். வேட்டியைத் தூக்கிப் பார்த்தா வலது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. எத்தனை மணியா வலியை மறைச்சுக்கிட்டு நடந்தாரோ தெரியல.

அந்த நேரம் தண்ணி கொண்டு வர்ற டிராக்டர் ஒண்ணு வந்தது. அடுத்த தங்குமிடம் வரைக்கும் ஏத்திக்கிறேன்னு டிரைவர் சொன்னார். நான் அப்பா கையைப் பிடிச்சேன். உதறிட்டார்.

"ஏற மாட்டேன்."

"அப்பா, டாக்டர் என்ன சொன்னார்? நீங்க என்ன சத்தியம் பண்ணீங்க?"

"ஏற மாட்டேன்டா! ஏறினா உனக்கு ஏதாவது ஆயிடும்!"

எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கு ஏன் ஆகணும்? அங்கேயே, அந்தப் புழுதியில உக்காந்துக்கிட்டு, அப்பா முதல் தடவையா சொன்னார்.

2004-ல எனக்கு மூளைக் காய்ச்சல். ஏழு வயசு. பேச்சு மூச்சு இல்லாம ஆறு நாள் கிடந்திருக்கேன். பக்கத்துல வாடகைக்கு இருந்த ஒரு இலங்கை அம்மா, பொட்டலத்துல கதிர்காமத் திருநீறு கொண்டு வந்து என் நெத்தியில பூசி, "நேர்ந்துகொள்ளுங்கோ, அவன் கைவிடமாட்டான்"னு சொன்னாங்களாம். அப்பா அன்னைக்கு ராத்திரி நேர்ந்துக்கிட்டார்: "இவனை எழுப்பிக் குடு. உன் காட்டு வழியில நடந்தே வர்றேன்." நான் எழுந்துட்டேன். ஆனா அப்போ அங்கே பிரச்னை தீரல. 2009-ல யுத்தம் முடிஞ்சது. அதுக்கப்புறம் என் காலேஜ் ஃபீஸ், அக்கா கல்யாணம், வீட்டுக் கடன். வருஷம் வருஷமா தள்ளித் தள்ளி, ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலே அவருக்கு உள்ளுக்குள்ள பயம். இருபது வருஷத்துக்கு மேல அந்த பயத்தோடயே இருந்திருக்கார். நான் அவரை "ஏசி வண்டியில கூட்டிட்டுப் போறேன்"னு கிண்டல் பண்ணினேன்.

அப்பா அழுதார். நான் பக்கத்துல குந்தி உக்காந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல.

பாட்டி மூட்டையை இறக்கி வெச்சாங்க. அப்பாவோட தலையில கை வெச்சாங்க.

"ஏன் தம்பி அழுறீங்க? முருகனே மயிலில ஏறித்தானே போறார். நீங்க மெசின்ல ஏறினா என்ன குறைஞ்சு போகும்?" அவங்க ஊர்ல டிராக்டருக்கு மெசின்னுதான் சொல்றாங்க.

எங்களைச் சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்பாவுக்கும் அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துடுச்சு. ஆனா, "நேர்ந்ததை மாத்தினா..."ன்னு இழுத்தார்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னாங்க: "நானும் நேர்ந்துதான் நடக்கத் தொடங்கின. காணாமப் போன மகன் திரும்பி வரணுமெண்டு. அவன் வரல்ல. நான் வந்துகொண்டுதான் இருக்கன்."

அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் பேசல. அப்பா எழுந்து அந்தப் பாட்டி காலைத் தொட்டுக் கும்பிட்டார். டிராக்டர்ல ஏறினார்.

முருகன் ஏன் கிழவனாக வந்தான்?

மிச்ச தூரத்தை நான் பாட்டியோட நடந்தேன். பாட்டி நின்னா எல்லாரும் நிப்பாங்க. அங்கே வேகம் யாரோட கையிலும் இல்ல. இருக்கிறதுலயே வயசானவங்க கால்லதான் இருக்கு. அப்படி மெதுவா நடக்கும்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைச்சது.

நம்ம முருகன் என்றும் இளையவன். குமரன். ஆனா அவன் கிழவனா வந்த ஒரு கதை இருக்கே! வள்ளியை நாடி வந்தப்போ வேடனா வந்தான், வேங்கை மரமா நின்னான், கடைசியில கிழவனா வந்தான். வள்ளி தேனும் தினைமாவும் கொடுத்தாள். கிழவனுக்கு விக்கல் எடுத்தது. தண்ணி வேணும்னான். வள்ளி சுனைக்குக் கூட்டிட்டுப் போனாள். இதைக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்துல விரிவா பாடியிருக்கார். நம்ம ஊர்ல இது நடந்தது வள்ளிமலையிலன்னு சொல்வோம். இலங்கை அடியார்கள் கதிர்காமக் காட்டுலன்னு சொல்வாங்க. எந்த மலையா இருந்தாலும் கதை ஒண்ணுதான்.

யோசிச்சுப் பாருங்க. சூரனைப் பிளந்த வேலாயுதன், ஒரு வேடுவப் பெண்கிட்ட "எனக்குத் தாகமா இருக்கு, வழி காட்டு"ன்னு நிக்கிறான். தனியா முடியாம அண்ணன் விநாயகரையும் துணைக்குக் கூப்பிடுறான். உதவி கேக்கிறதுல அவனுக்கு வெக்கமே இல்ல. அப்படின்னா முட்டி வீங்கின எங்க அப்பாவுக்கு ஏன் வெக்கம்?

பழைய தமிழ்ல கிழவன்னா வயசானவன்னு மட்டும் அர்த்தம் இல்ல. உரியவன், தலைவன்னு அர்த்தம். குறிஞ்சிக் கிழவன்னு முருகனைச் சொல்றது அதனாலதான். அந்தக் காட்டுக்கு உரிமைக்காரன் அவன். அவன் காட்டுல வயசானவங்க நடக்கும்போது, அவங்க விருந்தாளி இல்ல. உரியவங்க.

இன்னொருத்தரும் ஞாபகத்துக்கு வந்தார். திருநாவுக்கரசர். முதுமையில கயிலாயத்துக்கு நடந்தார். கால் தேய்ஞ்சது, கையால தவழ்ந்தார். அதுவும் முடியாம உருண்டார். சிவபெருமான் முனிவரா வந்து திரும்பிப் போகச் சொன்னார். அப்பர் மாட்டேன்னார். எங்க அப்பா மாதிரியேதான்! கடைசியில இறைவன் என்ன செஞ்சார்? பக்கத்துல இருந்த குளத்துல மூழ்கச் சொன்னார். எழுந்தா திருவையாறு! கயிலைக் காட்சி அங்கேயே கிடைச்சது. இதை நமக்குச் சொன்னவர் சேக்கிழார். நம்ம பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். குன்றத்தூர் முருகனைப் பார்க்க அடிக்கடி போற நம்மள்ல எத்தனை பேர் அந்த மலை அடிவாரத்துல சேக்கிழாரையும் நினைக்கிறோம்?

அப்பர் கயிலாயத்துக்கு நடந்து முடிக்கல. ஆனா அவர் நடையில குறைன்னு யாராவது சொல்வாங்களா? பாதி வழியில கால் ஓயும்போது, மீதி வழியை அவன் எடுத்துக்கிறான். குளமா வந்தும் எடுத்துக்குவான். டிராக்டரா வந்தும் எடுத்துக்குவான்.

நேர்த்திக்கடனை நாமதான் பேங்க் கடன் மாதிரி பார்க்கிறோம். ஒரு தவணை தவறினா அபராதம் போடுவான், வீட்டுக்கு ஆள் அனுப்புவான்னு. கேட்டது கிடைக்காமலே வருஷா வருஷம் நடக்கிற அந்தப் பாட்டிக்கு அவன் என்ன பாக்கி வெச்சிருக்கான்னு கணக்குப் போட முடியுமா? அவங்க கணக்கே போடல. நடக்கிறாங்க. அவ்வளவுதான். அதுக்குப் பேர்தான் பக்தின்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

திரைக்கு முன்னால

சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்தப்போ அப்பா ஒரு பாலை மரத்தடியில காலை நீட்டி உக்காந்திருந்தார். யாரோ கொடுத்த பாலைப்பழத்தை இலையில வெச்சு எங்களுக்காக எடுத்து வெச்சிருந்தார். முட்டியில யாரோ ஒரு அம்மா ஏதோ எண்ணெய் தடவித் துணி கட்டி விட்டிருந்தாங்க. மறுநாள் கொஞ்சம் நடந்தார், கொஞ்சம் ஏறினார். அதுக்கடுத்த நாள் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்தார். கட்டகாமம் தாண்டி, மாணிக்க கங்கையில இறங்கினப்போ ரெண்டு பேருக்கும் பேச்சே வரல.

கதிர்காமத்துல மூலஸ்தானத்துல நாம பார்க்கிற மாதிரி சிலை கிடையாது. வள்ளி தெய்வானையோட முருகன் படம் எழுதின திரைதான். பூசை செய்ற கப்புறாளைமார் சிங்களவர்கள். வாயைத் துணியால கட்டிக்கிட்டு, மந்திரச் சத்தம் இல்லாம பூசை பண்றாங்க. சிங்கள பக்தர்களும் தமிழ் பக்தர்களும் ஒரே வரிசையில பழத்தட்டோட நிக்கிறாங்க. அப்பா அந்தத் திரையையே ரொம்ப நேரம் பார்த்துட்டு, என் காதுல சொன்னார்: "இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கேன், திரையைப் போட்டுட்டு நிக்கிறான் பாரு!"

வெளியே வந்தப்புறம் கேட்டேன், "கடன் தீர்ந்துதாப்பா?"

"கடனா? அதை அந்தப் புழுதியிலயே விட்டுட்டேன்டா. அடுத்த வருஷம் சும்மா வரலாம்."

தங்கைக்குப் பதில்

அதனால தங்கச்சி, உங்க அப்பாவை நிறுத்தாதீங்க. தனியாவும் விடாதீங்க. ஏன் நடக்கணும்னு தோணுதுன்னு ஒரு தரம் உக்காந்து கேளுங்க. அந்த நடை ஒருவேளை உங்களுக்காகவே நேர்ந்ததா இருக்கலாம்.

டாக்டரைப் பாருங்க. சுகர் மாத்திரை, உப்பு, தண்ணி கையில இருக்கட்டும். புதுச் செருப்போட கிளம்ப வேண்டாம். ஒரே நாள்ல இருபது கிலோமீட்டர் போகாதீங்க. தெருக்கோடி பிள்ளையார் கோயில்ல ஆரம்பிச்சு வாரா வாரம் கூட்டுங்க. கிளம்புறதுக்கு முன்னாலயே அவர்கிட்ட ஒண்ணு சொல்லி வெச்சுடுங்க: "முடியலன்னா வண்டியில ஏறலாம்ப்பா. முருகனே மயில்லதான் போறான்." ரோட்டோரமா நடந்தா ராத்திரியில மின்னுற பட்டை கட்டிக்கோங்க. காட்டு வழின்னா கூட்டத்தை விட்டுப் பிரியாதீங்க, பிளாஸ்டிக்கைப் போட்டுட்டு வராதீங்க. அது அவன் வீடு.

எத்தனை கிலோமீட்டர் நடந்தோம்னு போஸ்ட் போட எனக்கும் ஆசை இருந்தது. பையில கிடந்த வாட்ச்ல சார்ஜ் தீர்ந்து போயிருந்தது. நல்லதாப் போச்சு.

இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் அரோகரா போட்டு நாலு குழுவுக்கு அனுப்புவீங்க. அனுப்புங்க, சந்தோஷம். ஆனா அதுக்கு முன்னால இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க அப்பாவையோ, அம்மாவையோ, தாத்தாவையோ கூட்டிக்கிட்டு பக்கத்துல இருக்கிற முருகன் கோயிலுக்கு நடந்து போயிட்டு வாங்க. அவங்க வேகத்துல நடங்க. அவங்க நின்னா நில்லுங்க. தண்ணி கேட்டா கொடுங்க.

கிழவனா வந்து தண்ணி கேக்கிறவன் யாருன்னு வள்ளிக்கே முதல்ல தெரியல. நமக்கு மட்டும் தெரியுமா என்ன?

முருகா சரணம். கதிர்காமக் கந்தனுக்கு அரோகரா! 🙏